எந்தப் படியில் நின்றது? மேசைக் கணினியின் பழுதை அறிகுறியிலிருந்து கண்டறிதல்

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியது முதல் திரையில் கோப்புறைகள் தோன்றும் வரை நடப்பவை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் மின்சாரம் சீராகிறது. அடுத்து மையச் செயலகம் இயங்கத் தொடங்கி, தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரலைச் செயல்படுத்துகிறது. அந்த நிரல் நினைவகத்தையும் திரைக்கான பகுதியையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, வன்தட்டில் விண்டோஸ் போன்ற இயக்க அமைப்பைத் தேடி எடுத்து, ராம் என்னும் அந்த நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகு பொறுப்பு முழுவதும் இயக்க அமைப்பின் கைக்குப் போய்விடுகிறது. இந்தப் படிகளில் ஒன்று தடைப்பட்டால் அடுத்தது தொடங்குவதில்லை. ஆகவே, "கணினி வேலை செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால், எது கெட்டது என்று ஊகிப்பதற்கு முன், அது எதுவரை வந்து நின்றது என்று பார்ப்பதே முறை. கீழே வரும் அறிகுறிகளில் முதல் நான்கும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. மற்றவை இயக்க அமைப்பு எழுந்த பிறகு தோன்றுபவை.

பெட்டியைத் திறக்க நேர்ந்தால் ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ உடன் இருக்க வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு, பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் தாய்ப்பலகையில் எஞ்சியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டால், உடலில் சேர்ந்துள்ள நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காது. எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி மின்தேக்கிகளில் நிற்கிறது. கம்பியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே மின்செருகியில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தி எரிகிறதா என்று பாருங்கள். இடையில் யு.பி.எஸ். இருந்தால், அது இயங்குகிறதா என்பதையும் இதே விளக்கு சொல்லிவிடும். பிறகு கணினிப் பெட்டியின் பின்புறம் கம்பி நுழையும் இடத்துக்கு அருகிலுள்ள சிறு ஆளியைக் கவனியுங்கள். அதில் கோடும் வட்டமும் பொறித்திருக்கும்; கோடு உள்ள பக்கம் அழுந்தியிருந்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். வகுப்பறையைத் துடைக்கும்போது யாராவது இதைத் தட்டிவிட்டுப் போவது அடிக்கடி நடப்பதுதான். கம்பியின் முனை முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று கையால் அழுத்தியும் பார்க்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் அது 5 வோல்ட் மின்சாரத்தைச் சிறிதளவு தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கணினியை அணைத்த பிறகும் சில மவுஸ்களின் அடியில் சிவப்பு விளக்கு எரிவதற்குக் காரணம் இந்த மின்சாரமே. முன்புறத்துப் பொத்தான் மின்சுற்றை நேரடியாக இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை; "தொடங்கு" என்ற சைகையை மட்டும் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. ஆகவே தாய்ப்பலகையில் சிறு விளக்கு எரிந்தும் பொத்தான் பலன் தரவில்லை என்றால், மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். பொத்தானையும் அதிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் மெல்லிய இரு கம்பிகளையும் அப்போது சந்தேகிக்கலாம். எந்த விளக்கும் எரியவில்லை என்றால், பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுவதே வழி.

விசிறி ஒரு நொடி சுழன்று உடனே நின்றுவிடுவதும் உண்டு. எங்கோ மின்கசிவோ குறுக்குச்சுற்றோ இருப்பதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தானாகவே விலகிக்கொள்வதன் அடையாளமாக அது இருக்கலாம். பென்டிரைவ், அச்சுப்பொறி, ஒலிபெருக்கி என வெளியே இணைத்தவற்றையெல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போது கணினி எழுந்துவிட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

விசிறி சுழல்கிறது, ஆனால் திரை கருப்பாகவே இருக்கிறது

பள்ளி ஆய்வகங்களில் மாணவர்களை அதிகம் குழப்பும் அறிகுறி இது. இங்கே கேள்வி இரண்டாகப் பிரிகிறது: கணினி இயங்கியும் படம் மட்டும் வரவில்லையா, அல்லது கணினியே எழவில்லையா? இதைத் தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஓரிரு நிமிடங்கள் பொறுத்திருந்துவிட்டு, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தும்போது அணைகிறதா?

அந்த விளக்கைக் கணினியில் இணைந்த விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. நீங்கள் அழுத்திய விசையின் எண் கணினிக்குப் போகிறது; கணினி அதை வாங்கிக்கொண்டு, "கேப்ஸ் லாக் விளக்கை ஏற்று" என்று விசைப்பலகைக்குத் திருப்பிக் கட்டளையிடுகிறது. ஆகவே விளக்கு மாறி மாறி எரிந்தால், மையச் செயலகமும் நினைவகமும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். எஞ்சியிருப்பது மானிட்டரும் அதற்கான கம்பியும் படத்தை அனுப்பும் பகுதியும்தான். விளக்கு அசையாமல் இருந்தால், கணினி தொடக்கச் சோதனையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது.

முதல் வகையாக இருந்தால், மானிட்டருக்குத் தனி மின்கம்பியும் தனிப் பொத்தானும் உண்டு என்பதை நினைவில் கொண்டு அவற்றைப் பார்க்க வேண்டும். திரையில் "நோ சிக்னல்" என்ற சொற்கள் மிதந்தால் மானிட்டர் நலமாக உள்ளது. அதற்குத் தகவல்தான் வரவில்லை. பழைய வி.ஜி.ஏ. கம்பியின் முனையில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. அவற்றில் ஒன்று வளைந்தாலும் நிறம் மாறலாம் அல்லது படமே வராமல் போகலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியின் பின்புறத்தில் மானிட்டர் கம்பியைச் செருக இரண்டு இடங்கள் இருக்கக்கூடும். அத்தகைய கணினிகளில் பொதுவாக அட்டையில் உள்ள துளையில்தான் செருக வேண்டும். தாய்ப்பலகையின் துளையில் செருகினால் பெரும்பாலும் கருந்திரையே கிடைக்கும்.

இரண்டாம் வகையாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். திரையைப் பயன்படுத்த முடியாத கட்டத்தில் பழுதைத் தெரிவிக்க பயாஸுக்குப் பெரும்பாலும் இருக்கும் வாய், தாய்ப்பலகையில் பொருத்திய சின்னஞ்சிறு ஒலிபெருக்கிதான். நீண்ட பீப், குறுகிய பீப் ஆகியவற்றின் எண்ணிக்கையும் ஒழுங்கும் எந்தப் பகுதி சோதனையில் தோற்றது என்பதைக் குறிக்கின்றன. இந்தக் குறியீடு பயாஸ் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். ஒரு கணினிக்கான பட்டியலை இன்னொன்றுக்குப் பொருத்திப் படித்தால் தவறான பகுதியைக் கழற்றிக்கொண்டிருப்போம். தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பதே பாதுகாப்பு. சில கணினிகளில் இந்த ஒலிபெருக்கியே இருக்காது என்பதால், ஓசை வரவில்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இந்த நிலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ராமைத்தான். மையச் செயலகம் செயல்படுத்தும் கட்டளைகளும் அவற்றுக்கான தரவும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். நினைவகம் கிடைக்காவிட்டால் பயாஸால் பீப் ஒலி எழுப்புவதைத் தாண்டி அதிகம் செய்ய இயலாது. டி.டி.ஆர். 4 வகை ராம் அட்டை ஒன்றில் 288 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் தூசியோ ஈரப்பதத்தால் வந்த படலமோ இருந்தாலும் முழு அட்டையும் பயனற்றுப் போகலாம். இரு பக்கத்துக் கொக்கிகளையும் விலக்கி அட்டையை நேராக மேலே எடுங்கள். அடிப்பகுதியில் உள்ள வெட்டு, செருகுமிடத்தின் மேட்டோடு பொருந்தும்படி வைத்து, கொக்கிகள் "டக்" என்று விழும் வரை இரு முனைகளிலும் சம அளவில் அழுத்திப் பொருத்துங்கள். பல நேரங்களில் இவ்வாறு கழற்றி மாட்டுவதே போதுமானதாக இருக்கிறது.

தொடுமுனைகளை ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் கணினிக் கடைகளில் பரவலாக உள்ளது. அது பயன் தருவதும் உண்மையே. ஆனால் அந்த முனைகளில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் அதைச் சுரண்டிவிடும். உதிரும் துகள் செருகுமிடத்தில் விழுந்தால் புதிய பழுது உண்டாகும். பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் பெட்டிக்கு வெளியே வைத்து இலேசாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைப்பது தகும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பொருத்திச் சோதியுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது.

ராமின் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அது தானாகவே கசிந்துவிடும் என்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒரு முறை எல்லா வரிசைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றதும் புதுப்பித்தலும் நின்றுவிடுகிறது. சேமிக்காத கட்டுரை மின்தடையோடு காணாமல் போவது இதனால்தான். அதில் பழுது ஏதுமில்லை.

ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது

இது சிறிய குறை போலத் தோன்றினாலும், இணையமே கெட்டுவிட்டதாகப் பலர் நினைக்கும்படி செய்துவிடுகிறது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்சான்றிதழைக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று உலாவி கருதி, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கும். ஒரு தளத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால் சிக்கல் அந்தத் தளத்தில் இருக்கலாம். எங்கும் வந்தால் திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள்.

கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு கடிகாரச் சுற்று. மின்கம்பியைக் கழற்றியிருக்கும்போது அதற்கு மின்சாரம் தருவது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பொத்தான் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது என்பதே அந்த எண்ணின் பொருள். கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2-இன் 15-ஆம் அடுக்கு என்பதால், பாதியாக்கும் எளிய சுற்றுகள் பதினைந்தை வரிசையாக வைத்தால் முடிவில் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். இரும எண்முறை பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கே பயன்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பேட்டரி தீர்ந்த பிறகு, சுவர் மின்சாரமும் துண்டிக்கப்பட்டால் கடிகாரம் நின்று பழைய தேதிக்குத் திரும்பிவிடும். பல கணினிகளில் தொடக்கத்திலேயே தேதி அமைக்கப்படவில்லை என்ற செய்தியும் வரும். அதே எண்ணுள்ள புதிய பேட்டரியை, எழுத்துகள் மேலே தெரியும்படி வைத்து, பயாஸுக்குள் சென்று தேதியைத் திருத்திச் சேமிக்க வேண்டும். நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் வேறுபட்டால் பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், நேர மண்டலம் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

இயக்க அமைப்பு கிடைக்கவில்லை என்று செய்தி வருகிறது

பயாஸ் தன் சோதனைகளை முடித்துவிட்டது. அடுத்து ஏற்ற வேண்டிய இயக்க அமைப்பைத்தான் காணவில்லை. முதலில் செருகியிருக்கும் பென்டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். தேடும் வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்தால், கணினி அதில் தேடி ஏமாந்து நின்றிருக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால், பயாஸ் பட்டியலில் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்தால் தட்டு உயிரோடு இருக்கிறது. அதிலுள்ள இயக்க அமைப்பின் கோப்புகளோ தேடும் வரிசையோ கெட்டிருக்கலாம். தெரியவில்லை என்றால் கம்பியோ தட்டோ பழுது.

வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்று ஒரே சீரான ஓசை வந்தால், மறுபடி மறுபடி கணினியை எழுப்பிப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி தகவலைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதே அந்த ஓசை. ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் தகவலையும் சுரண்டிவிடக்கூடும். தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் அது இத்தகைய ஓசை எழுப்பி எச்சரிக்காது.

கணினி எழுந்துவிட்டது, ஆனால் ஆமை வேகம்

மேசைத்திரையில் வலது சொடுக்கி "ரெஃப்ரெஷ்" என்பதைப் பத்து முறை அழுத்தும் பழக்கத்தை முதலில் விட்டுவிடலாம். அது திரையிலுள்ள படவுருக்களை மறுபடி வரைகிறதே தவிர வேகத்தைத் துளியும் கூட்டாது. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலகம், நினைவகம், வட்டு ஆகிய மூன்றின் விழுக்காட்டையும் பாருங்கள்.

நினைவகம் நிறைந்து, வட்டும் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், ராமில் இடம் போதாமல் இயக்க அமைப்பு தகவலை வன்தட்டுக்கும் ராமுக்கும் இடையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோநொடி ஆகிறது. சுழலும் வன்தட்டில் அதற்கு ஏறக்குறைய 10 மில்லிநொடி ஆகலாம். இது ஒரு லட்சம் மடங்கு. ராமில் ஒரு நொடியில் கிடைப்பது, அதே கணக்கில் வன்தட்டிலிருந்து வர 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுவது உடனடித் தீர்வு. ராமைக் கூட்டுவது நிலையான தீர்வு.

ராமைக் கூட்டியும் பயன் தெரியாத ஒரு நிலை உண்டு. 8 ஜி.பி. பொருத்தியிருந்தும் 3 ஜி.பி.க்குச் சற்று அதிகமாகத்தான் பயன்படுத்த முடிகிறது என்று கணினி காட்டினால், அதில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கக்கூடும். 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடங்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி பைட். அதுவே 4 ஜி.பி.; அதிலும் ஒரு பகுதி பிற உறுப்புகளுக்குப் போய்விடும். 64 பிட் இயக்க அமைப்பை நிறுவினால் முழு நினைவகமும் கிடைக்கும், செயலகம் அதற்கு ஏற்றதாக இருந்தால்.

தொடக்கத்தில் நன்றாக ஓடிவிட்டு அரைமணி நேரம் கழித்து வேகம் குறைந்தால், வெப்பத்தைச் சந்தேகியுங்கள். அளவு மீறிச் சூடாகும் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிட்டால் கணினி முன்னறிவிப்பின்றி அணைந்துவிடும். வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகளுக்கு நடுவே கம்பளம் போலப் படிந்திருக்கும் தூசியை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழ் எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தம் மாறும்போது உரை குழம்புகிறது. குழப்பத்தின் தோற்றத்தைக் கொண்டே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால், எண்கள் சரியாக உள்ளன. அவற்றை வரையத் தேவையான எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் ஒப்பந்தமான யூனிகோடைப் பின்பற்றும் தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும்.

ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பொருளற்றுக் கலந்து தெரிந்தால், அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய பாணி எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. யூனிகோடில் "அ" என்ற எழுத்துக்கு 2949 என்ற எண் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. பாமினி போன்ற எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. பாமினியில் "அ" என்று தெரிவது உண்மையில் ஆங்கிலச் சிறிய "எம்" எழுத்துக்குரிய 109. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது "எம்" ஆகவே தோன்றும். யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், அச்சகங்களிலும் பழைய வினாத்தாள்களிலும் இந்த எழுத்துருக்கள் நெடுங்காலம் நிலைத்துவிட்டன. எழுத்துரு மாற்றி நிரல் ஒன்றில் உரையை இட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

மேலே சாய்கோடிட்ட ஆங்கில "ஏ" எழுத்து உரை முழுவதும் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யு.டி.எஃப். 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) இருப்பதால் அதற்குப் 15 பைட் தேவை. கோப்பைத் திறந்த நிரல் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டது. கோப்பை மூடி, யு.டி.எஃப். 8 என்று தேர்ந்தெடுத்து மீண்டும் திறங்கள். குழம்பிய நிலையிலேயே சேமித்துவிட்டால் மீட்பது கடினம் என்பதால், அதுவரை சேமிப்புப் பொத்தானைத் தொட வேண்டாம்.

பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிட்டன

பெரும்பாலும் கோப்புகள் அழிந்துவிடவில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை (ஷார்ட்கட்) வைத்திருக்கிறது. அவற்றை இருமுறை சொடுக்கினால் வைரஸைத்தான் இயக்குவீர்கள். முதலில் வைரஸ் எதிர்ப்பு நிரலால் பென்டிரைவைச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கோப்பு உலாவியின் அமைப்புகளில், மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை இடுங்கள். பாதுகாக்கப்பட்ட இயக்க அமைப்புக் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்க வேண்டியிருக்கலாம். உங்கள் கோப்புகள் மங்கலாகத் தெரியும்; அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

32 ஜி.பி. என்று அச்சிட்ட பென்டிரைவ் 29.8 ஜி.பி. என்று மட்டும் காட்டுவதற்கும் வைரஸுக்கும் தொடர்பில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் அதை 2-இன் 30-ஆம் அடுக்காக, அதாவது சுமார் 107 கோடி பைட்டாக எண்ணுகிறது. 500 ஜி.பி. வன்தட்டு 465 என்று தெரிவதும் இதே கணக்குதான். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.